வித்தியாசாகரரும் பாலபாடத்தில் சாஸ்திரமும்

ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் ஒரு சிறுவனின் புத்தகப் பையை அவிழ்த்துப் பார்ப்போமாயின், பாஷைப் புத்தகம் ஒன்றும் சாஸ்திரப் புத்தகம் ஒன்றும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல் அதனுள்ளே கிடக்கக் காண்போம். முன்னதில் நரியும் காகமும் பேசுகின்றன. பின்னதில் வினாவும் விடையும் வரிசையாக நிற்கின்றன. வாசிக்கக் கற்கும் நேரத்தில் அவன் உலகத்தைப் பற்றி ஒன்றும் அறிவதில்லை. உலகத்தைப் பற்றி அறியவேண்டிய நேரத்தில், தான் கண்டதைத் தன் சொல்லால் எழுதுவதற்கு அவனை ஒருவரும் கேட்பதில்லை. இவ்விரண்டையும் ஒரே பாடமாக்கினால் என்ன என்று கல்வி நிபுணர்கள் இக்காலத்தில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பேசட்டும், நல்லதே. ஆனால் நம் தேசத்திலேயே, தாய்ப் பாஷையிலேயே, 1851-ம் வருஷத்திலேயே ஒரு பிராமண பண்டிதர் அக்காரியத்தைச் செய்யத் தொடங்கினார் என்பதை நம்மவரில் பலர் மறந்துவிட்டனர். விதவா விவாகச் சட்டத்தின் காரணகர்த்தர் என்றே ஈசுவர சந்திர வித்தியாசாகரரை நாம் அறிவோம். அவர் பாலர்களுக்கு எழுதிய சிறு புத்தகங்களை முன்னிட்டு அவர் சரித்திரத்தை இன்று சொல்ல விரும்புகிறோம்.

அக்காலத்தில் ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்ததாயிருந்து, பின்னர் மிதுனபுரி ஜில்லாவோடு சேர்க்கப்பட்ட வீரசிம்மம் என்னும் கிராமத்தில் 1820-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி அவர் பிறந்தார். தந்தையார் தாகுர்தாஸ் பந்தியோபாத்தியாயர், கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்தில் ஊழியம் பார்த்தவர். தாயார் பகவதி தேவி. ஊர்ப் பாடசாலையில் எழுத்தும் கணக்கும் ஒருவாறு முடிந்தபின், எட்டு வயதுப் பாலகனைத் தந்தையார் கால்நடையாகவே கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். வழியில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை வித்தியாசாகரர் தம் முற்றுப்பெறாத சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய கல்விக் கொள்கை முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

சாலையோரத்தில் நாட்டியிருந்த கல்லொன்றைப் பையன் கண்டான். மசாலை அரைக்கும் அம்மியை யாரோ இங்கே ஏன் புதைத்திருக்கிறார்கள் என்று தந்தையைக் கேட்டான். தந்தையார் சிரித்து, அது மைல்கல் என்றும், கல்கத்தாவுக்கு இன்னும் பத்தொன்பது மைல் உண்டென்று அதில் ஆங்கில இலக்கத்தால் பொறித்திருக்கிறதென்றும் விளக்கினார். ஒன்று எது, ஒன்பது எது என்று பையன் தடவிப் பார்த்துக்கொண்டான். அதுமுதல் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். பத்தாவது கல் வந்ததும், இலக்கங்கள் யாவும் தெரிந்துவிட்டன என்றான். தந்தையார் நம்பவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு என்று மூன்று கற்களில் சோதித்தார். கல்லைப் பார்த்துச் சொல்லுகிறானோ, வரிசையை எண்ணிச் சொல்லுகிறானோ என்று ஐயம் நீங்காமல், ஆறாவது கல்லைப் பையன் கண்ணில் படாதபடி பேச்சில் ஈடுபடுத்திக் கடந்து, ஐந்தாவது கல்லின் முன் நிறுத்தி, இது எத்தனை என்றார். இது ஆறாக இருக்க வேண்டும், கொத்தினவன் தவறாக ஐந்து என்று கொத்திவிட்டான் என்றான் பையன்.

இதனை அபார ஞாபகசக்திக்கு உதாரணமாகவே பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். நாம் வேறொன்றைக் காண்கிறோம். அப்பையன் ஏட்டிலிருந்து இலக்கம் கற்கவில்லை. கண்ணெதிரே நின்ற ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி கேட்டான். அதன் பயனை அறிந்தான். அதன்மேலிருந்த எழுத்தை அதற்காகவே வாசித்தான். கடைசியில், எழுதியிருப்பதும் தான் கண்ட வரிசையும் ஒவ்வாதபோது எழுதியிருப்பதே தவறு என்று சொல்லவும் துணிந்தான். இந்தத் துணிவு அக்காலத்துப் பாடசாலைகளில் எங்கே கிடைக்கும்?

அக்காலத்து வங்காளக் கிராமப் பாடசாலைகளின் நிலையை வில்லியம் ஆதாம் என்பவர் 1835 முதல் 1838 வரை எழுதிய மூன்று அறிக்கைகளால் நன்கு அறியலாம். பிள்ளைகள் முதலில் தரையில் எழுதினார்கள், பிறகு பனையோலையில், பிறகு வாழையிலையில், கடைசியாகக் காகிதத்தில். கணக்கு, ஜமீன்தாரி வரவு செலவு, கடிதம், பத்திரம் ஆகியவையே படிப்பின் எல்லை. அச்சுப் புத்தகம் என்பதைக் கண்டறியாத பாடசாலைகளே மிகுதி. இப்படிப்பு பயனற்றதென்று நாம் சொல்லமாட்டோம். குடியானவன் மகனும் கடைக்காரன் மகனும் ஏமாறாமல் பிழைக்க அது உதவிற்று. ஆயினும் மழை எங்கிருந்து வருகிறது, இரும்பு எங்கே கிடைக்கிறது, நம் கண் எப்படிக் காண்கிறது என்னும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. மறுபக்கத்தில் ஸமஸ்கிருத பாடசாலைகளில் இலக்கணமும் நியாயமும் ஆண்டுக்கணக்காக நடந்தன. ஆங்கிலக் கலாசாலைகளில் நியூட்டனைப் பற்றிப் படித்தவர்கள் அதனைத் தம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லப் பாஷையின்றி விழித்தார்கள்.

1829-ல் ஈசுவர சந்திரர் கல்கத்தா ஸமஸ்கிருத கலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவர் பட்ட வறுமையும், தாமே சமைத்துப் பிறருக்கும் இட்டுப் படித்த வரலாறும் நேயர்கள் அறிந்தவையே. அவற்றில் தங்காமல் மேற்செல்கிறோம். மாணவராயிருந்த காலத்தில் ஓர் ஆங்கில அதிகாரி ஒரு பரிசு ஏற்படுத்தினார். பூமியையும் ஆகாயத்தையும் பற்றிப் புராணங்கள் கூறுவது, சூரிய சித்தாந்தம் கூறுவது, ஐரோப்பியர் கூறுவது ஆகிய மூன்று மதங்களையும் ஸமஸ்கிருத சுலோகங்களாக எழுதவேண்டும் என்பது நிபந்தனை. ஈசுவர சந்திரர் எழுதிப் பரிசு பெற்றார். இலக்கணமும் அலங்காரமும் கற்றுத் தேர்ந்த ஓர் இளைஞன், அக்கல்வியை ராஜாவின் புகழுக்கும் நாயகியின் வருணனைக்கும் செலவிடாமல், பூகோளத்தை விளக்கச் செலவிட நேர்ந்த முதல் சந்தர்ப்பம் அது. 1839-ல் ஹிந்து தர்ம சாஸ்திரப் பரீட்சையில் தேறி வித்தியாசாகரர் என்னும் பட்டத்தைப் பெற்றார். 1841-ல் வில்லியம் கோட்டைக் கலாசாலையில் மாதம் ஐம்பது ரூபாய் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். ஆங்கிலத்தை அதன் பிறகே நன்றாகக் கற்றார்.

1847-ல் தம் நண்பர் மதனமோகன தர்க்காலங்காரருடன் கூடி ஸமஸ்கிருத யந்திரம் என்னும் அச்சுக்கூடத்தையும் புத்தகசாலையையும் ஏற்படுத்தினார். அதே வருஷம் மேலதிகாரியுடன் நேர்ந்த அபிப்பிராய பேதத்தால் ஸமஸ்கிருத கலாசாலையின் உதவிக் காரியதரிசிப் பதவியை விட்டு விலகினார். பிழைப்புக்கு அச்சுத்தொழிலும் புத்தகமும் உதவின. எழுதுகிறவனுக்கு அச்சும் கடையும் சொந்தமாயிருந்தால் அவன் சர்க்கார் கமிட்டிகளின் வாசலில் காத்துக் கிடக்கவேண்டியதில்லை என்பதைப் பத்திரிகை நடத்தும் நாம் நன்றாகவே உணர்வோம்.

1849-ல் ஜீவன சரிதம் என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. சேம்பர்ஸ் சகோதரர்கள் ஆங்கிலத்தில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுகளிலிருந்து தெரிந்தெடுத்து வங்காளியில் அமைத்தது. கோபர்நிகஸ், கலிலியோ, நியூட்டன், ஹெர்ஷல், தாவர சாஸ்திரி லின்னேயஸ் முதலானோர் அதில் வருகின்றனர். ஆடு மேய்த்துத் திரிந்து, தானாகவே வானநூல் பயின்று, பின்னர் சக்கரவர்த்தியின் நாணயச் சேகரத்துக்குக் காவலரான துவால் என்னும் பிரெஞ்சுக்காரர் வருகிறார். ஆப்பிரிக்காவில் பிறந்து ஸ்காட்லாந்தில் பள்ளி உபாத்தியாயரான ஜெங்கின்ஸ் வருகிறார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் உண்மையைச் சூத்திரமாகச் சொன்னால் பிள்ளை மறந்துவிடும். அதைச் சொன்னதற்காக ஒரு கிழவர் விசாரணைக் கூண்டில் நின்ற கதையாகச் சொன்னால் மறக்காது. இந்நூலின் முடிவில், தாம் புதிதாக ஆக்கிக்கொண்ட சாஸ்திரச் சொற்களுக்கு ஓர் அட்டவணையும் வித்தியாசாகரர் சேர்த்தார். 1916-ல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் கூட்டியவர்கள் எதிர்ப்பட்ட அதே இடையூற்றை, வங்காளத்தில் ஒரு தனி மனிதர் சுமார் எழுபது வருஷங்களுக்கு முன்னரே எதிர்ப்பட்டார். அவர் சொல்லுக்காகக் காத்திருந்து நூலை எழுதவில்லை. நூலை எழுதும்போதே சொல்லை உண்டாக்கினார்.

இதில் நமக்கு ஒரு குறையும் உண்டு. அந்நூலில் வரும் மகான்களில் ஒருவரேனும் இந்தியரில்லை. ஆரியபட்டரோ பாஸ்கரரோ ஒரு பக்கத்துக்கும் உதவாதவர்களா? மூல நூல் ஆங்கிலேயருடையது என்னும் சமாதானம் போதாது; பாஸ்கரரின் லீலாவதியை அவர் நன்கு அறிந்தவர். அறிந்தும், சுலோகத்தால் கணக்குக் கற்பது வீண் சிரமம் என்று 1850-ல் எழுதிய அறிக்கையில் அதை நீக்கச் சொன்னார். கணக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றிய மட்டில் அவர் சொன்னது சரியே. ஆனால் தன் முன்னோர் வானத்தை அளந்தவர்கள் என்பதை ஒரு பிள்ளை அறிந்துகொள்ள வேறு எங்கே போவான்? தேசாபிமானிகள் இதனைக் குறையாகச் சொல்வதில் நியாயம் உண்டென்றே நினைக்கிறோம்.

1851-ல் போதோதயம் வெளிவந்தது. இதன் பிறப்பு கவனிக்கத்தக்கது. 1849-ல் பெதூன் துரை கல்கத்தாவில் ஏற்படுத்திய பெண் பாடசாலைக்கென மதனமோகனர் சிசு சிக்ஷை என்னும் வாசக நூலை மூன்று பாகமாக எழுதினார். அதன் நான்காம் பாகமாக வித்தியாசாகரர் எழுதியதே போதோதயம். அதாவது, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய சிறு பெண்கள் அடுத்தபடியாக வாசிக்கவேண்டியது கதையுமன்று, தோத்திரமுமன்று, சாஸ்திரமே என்று அவர் தீர்மானித்தார். சேம்பர்ஸாரின் ஆரம்ப நூல் ஒன்றைத் தழுவியே இதையும் எழுதினார். உயிருள்ள பொருள், உயிரற்ற பொருள், செடிகொடிகள் என்னும் பகுப்பு, பறவை, மீன், பூச்சிகள், மனிதனின் ஐம்புலன்கள், பாஷை என்பது யாது, காலத்தின் அளவு, எண், நிறம், நாணயம், பொன், வெள்ளி, பாதரசம், செம்பு, இரும்பு, நீர், நதி, கடல் என்று விஷயங்கள் செல்கின்றன. ஒவ்வொன்றும் சிறு சிறு வாக்கியங்களால் ஆனது. பிள்ளை அன்றாடம் தொடுவதும் பார்ப்பதுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. அகராதியைத் தேடவேண்டிய கடின பதங்களை இயன்றவரை விலக்கியிருக்கிறார்.

முதற் பதிப்பில் கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை. நண்பர் ஒருவர் அதனைச் சுட்டிக் காட்டினார். பிற்பதிப்பில் கடவுளைப் பற்றி ஒரு சிறு பகுதி சேர்த்தார். அதனாலும் எல்லோரும் திருப்தியடையவில்லை. சென்னையில் கிறிஸ்தவப் பாடப்புத்தகங்களை வெளியிட்டு வந்த மர்டாக் என்னும் பாதிரியார், வித்தியாசாகரரின் வாசக நூல்கள் சமயத்தை ஒதுக்கிவிட்டு ஜடவாதத்துக்கு வழிகாட்டுகின்றன என்று பிற்காலத்தில் அதிகாரிகளிடம் முறையிட்டார். தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் என்ன வாசிப்பது என்பதிலும் அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் இவர். ஒரு பிள்ளை இரும்பைப் பற்றிப் படிப்பது அவ்வளவு பெரிய அபாயமாக அவருக்குத் தோன்றியது வியப்பே.

வித்தியாசாகரரின் கருத்து இன்னதென்று 1853-ல் நிகழ்ந்த ஒரு விவாதம் தெளிவாக்குகிறது. காசி ஸமஸ்கிருத கலாசாலைத் தலைவர் பாலண்டைன் துரை கல்கத்தாவுக்கு வந்து பார்த்து, நம் சாஸ்திரங்களுக்கும் ஐரோப்பிய சாஸ்திரங்களுக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பண்டிதர்களுக்குக் காட்டினால் அவர்கள் புது அறிவை ஏற்பார்கள் என்று யோசனை சொன்னார். அப்போது ஸமஸ்கிருத கலாசாலையின் தலைவராயிருந்த வித்தியாசாகரர் அதை மறுத்தார். புதிதாகக் கேட்ட ஓர் உண்மையின் சாயல் தம் நூலில் இருப்பதாகக் கண்டால், பண்டிதர்கள் அவ்வுண்மையை மதிப்பதில்லை; எங்கள் முன்னோர் இதையும் சொல்லிவிட்டார்கள் என்று அவர்களுடைய பழைய மூடநம்பிக்கையே இரட்டிப்பாகும் என்றார். வேதாந்தமும் சாங்கியமும் பொய்யான தரிசனங்கள் என்று எழுதவும் அவர் தயங்கவில்லை. இதில் நாம் அவரோடு உடன்படவில்லை. ஆனால் அதே கடிதத்தில் அவர் சொன்ன மாற்று வழியை ஒப்புக்கொள்ளாதிருக்க முடியவில்லை. பண்டிதர்களோடு சமரசம் பேசிக் காலம் கழிப்பதைவிட, ஜனங்களிடம் கல்வியைக் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தாய்ப் பாஷைப் பாடசாலைகள் வேண்டும், பயனுள்ள விஷயங்களைப் பற்றிய வாசக நூல்கள் வேண்டும், தம் பாஷையில் வல்லவர்களும் பல விஷயம் அறிந்தவர்களும் மூடநம்பிக்கை நீங்கியவர்களுமான உபாத்தியாயர்கள் வேண்டும் என்பதே அவ்வழி.

1854 பிப்ரவரியில் சர்க்காருக்கு எழுதிய குறிப்பில், எழுத்தும் வாசிப்பும் சிறு கணக்கும் மட்டும் கற்பிப்பது தாய்ப் பாஷைக் கல்வியாகாது என்றார். பூகோளம், சரித்திரம், ஜீவிய சரிதம், கணிதம், க்ஷேத்திர கணிதம், பௌதிகம், உடற்கூறு, பொருளாதாரம் யாவும் வங்காளியிலேயே வேண்டும் என்று வரிசைப்படுத்தினார். 1855-ல் நதியா, பர்துவான், ஹூக்ளி, மிதுனபுரி ஆகிய நான்கு ஜில்லாக்களுக்கும் விசேஷ இன்ஸ்பெக்டராக அவரை நியமித்தார்கள். கலாசாலைத் தலைமையையும் விடாமல், ஜில்லாவுக்கு ஐந்தாக இருபது மாதிரிப் பாடசாலைகளைச் சில மாதங்களுக்குள் திறந்தார். அவ்வருஷம் ஜூலை 17-ந் தேதி உபாத்தியாயர்களைப் பயிற்றும் நார்மல் பாடசாலையும் திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை உபாத்தியாயராக அவர் தேர்ந்தெடுத்தவர் அட்சய குமார தத்தர். தத்துவபோதினிப் பத்திரிகையின் ஆசிரியர். சாருபாடம் என்னும் சாஸ்திர வாசக நூலை எழுதியவர். சாஸ்திரத்தை எளிய உரைநடையில் எழுதத் தெரிந்தவரே அதைக் கற்பிக்கும் முறையையும் உபாத்தியாயர்களுக்குச் சொல்லவேண்டும் என்று கருதினார் போலும். இந்த ஓர் உத்தியோக நியமனம் பல தீர்மானங்களைவிடப் பெரிதென்பது நம் எண்ணம்.

அதே 1855-ல் வர்ண பரிசயம் இரண்டு பாகமும் வந்தன. வங்காளியில் வழங்காத ஸமஸ்கிருத எழுத்துக்கள் சிலவற்றை அரிச்சுவடியிலிருந்து நீக்கி, பன்னிரண்டு உயிரும் நாற்பது மெய்யுமாக ஒழுங்குபடுத்தினார். காற்புள்ளி முதலிய நிறுத்தக் குறிகளையும் உரைநடையில் முறையாக வழங்கினார். பிள்ளை மூச்செடுக்கும் இடம் எது என்று அச்சிலேயே காட்டிய பிறகுதான், நீண்ட விஷயங்களைத் தானே வாசித்துப் பொருளறிய அதனால் இயன்றது.

புத்தகம் ஒன்றே போதுமா? போதாது. 1861-ல் பிறந்த ரவீந்திரநாத தாகூர் தம் பால்யத்தை எழுதும்போது, சாருபாடம் முதலிய நூல்களை வீட்டில் படித்ததைச் சொல்லுகிறார். ஆயினும் அவர் மனத்தை அள்ளியது ஞாயிறுதோறும் வந்த சீதாநாத தத்தர் என்பவரின் பாடம். கண்ணாடிப் பாத்திரத்து நீரில் மரத்தூளை இட்டு நெருப்பின்மேல் வைத்து, சூடேறிய நீர் மேலெழுவதையும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதையும் அவர் கண்காண வைத்தார். ரவீந்திரர் அதை ஆயுள் முழுதும் மறக்கவில்லை. 1937-ல் முதுமையில் விசுவ பரிசயம் என்னும் வானநூலைச் சாமானிய ஜனங்களுக்கென வங்காளியில் எழுதினார். போதோதயத்தில் பாத்திரமும் இல்லை, மரத்தூளும் இல்லை. செய்து பார் என்று அது பிள்ளையிடம் சொல்வதில்லை. நல்ல உபாத்தியாயர் கையில் அது கண்ணைத் திறந்திருக்கும். பிரம்பு உபாத்தியாயர் கையில் மனப்பாடத்துக்கு மற்றொரு சுமையாகவே ஆகியிருக்கும். வித்தியாசாகரர் நார்மல் பாடசாலைக்கு அவ்வளவு முயன்றதன் காரணம் இதுவே என்று கொள்ளலாம்.

அவருடைய உத்தியோகம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1857 நவம்பர் முதல் 1858 மே வரை அவ்வட்டாரங்களில் முப்பத்தைந்து பெண் பாடசாலைகளைத் திறந்தார். ஏறக்குறைய 1,300 பெண்கள் படித்தார்கள். வாய்மொழியாக ஆதரவு காட்டிய சர்க்கார், 1857-ம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய செலவைக் காரணம் காட்டி, அப்பாடசாலைகளுக்கு நிரந்தர உதவி தர மறுத்தது. சிப்பாய்களுக்குப் பணம் இருந்தது. சிறுமிகளின் பாடத்துக்கு இல்லை. கல்வி டைரக்டராயிருந்த இளம் அதிகாரியோடும் மனக்கசப்பு முற்றியது. 1858-ல் மாதம் ஐந்நூறு ரூபாய் உத்தியோகத்தை வித்தியாசாகரர் உதறிவிட்டு வெளியேறினார். தாம் திறந்த பாடசாலைகளுக்காக நண்பர்களிடம் சந்தா வாங்கி ஒரு நிதி ஏற்படுத்தி, தம் புத்தக வருமானத்தையும் அதிலே இட்டார்.

இங்கே மறைக்கக் கூடாத ஒன்றுண்டு. கையிலுள்ள பணத்தைக் கொண்டு சகல ஜனங்களுக்கும் கல்வி தருவது இயலாது, மேல் வகுப்பாருக்கு நன்றாகத் தருவதே சர்க்காருக்குத் தக்கது என்று 1859-ல் அவர் ராஜாங்கத்துக்கு எழுதினார். ஸமஸ்கிருத கலாசாலையைக் காயஸ்தர்களுக்கும் பிறகு மற்ற ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்ட அதே மனிதர், சுவர்ண வணிகர் ஒருவர் இடம் கேட்டபோது இணங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்குமான புத்தகத்தை எழுதியவர், எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்கு வருவதைப் பற்றி நம்பிக்கை இழந்திருந்தார். அனுபவத்தால் வந்த சலிப்போ, குலப்பழக்கமோ, நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் தவறு தவறே.

பிறகு அவர் மெட்ரோபாலிடன் கலாசாலையை ஐரோப்பியர் ஒருவரும் இல்லாமல் இந்தியர்களைக் கொண்டே நடத்திக் காட்டினார். 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது ஆதரவு தந்தார். 1866-ல் வண்டி கவிழ்ந்து பட்ட அடியால் உடல்நலம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. கடைசிக் காலத்தில் கல்கத்தாவின் பேச்சும் பகையும் வெறுத்து, கர்மாடார் என்னும் ஊரில் சந்தால் ஜனங்களின் நடுவே வீடு வாங்கி அடிக்கடி தங்கினார். ஹோமியோபதி மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு குடிசை குடிசையாகச் சென்றார். அவர்களுக்குப் பாடசாலையும் வைத்தார். 1891-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார்.

மாணவப் பருவத்தில் அவர் எழுதிப் பரிசு பெற்ற பூகோள ககோள சுலோகங்கள் அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. 1892-ல்தான் அவை புத்தகமாக வெளிவந்தன.